கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே அண்டா

மருமகளாக வந்த புதிதில், ஒரு நாள் ஏரிக்கரையில் மீன் கழுவிவிட்டுத் திரும்புகிறேன், என் வீட்டு வாசலில் என் சீர்ப்பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. யாரோ ஒரு பொம்பளை காலை நீட்டி உட்கார்ந்து, என் பாத்திரங்களையெல்லாம் தரையில் பரப்பி, கரண்டிகளை ஜோடி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாம்மா இது, கரண்டி மூணு கீது? ஒரு கைக்கு ஒரு கரண்டி போதாதா?" என்று என்னையே கேட்டாள்.

"நீங்க யாரு?"

"பக்கத்து வூடு," என்றாள். இரண்டு கரண்டிகளையும், ஜோடிக் குத்துவிளக்கில் ஒன்றையும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு, ஏதோ கொடுத்து வைத்ததைத் திரும்ப வாங்கிப் போகிறவள் போல எழுந்து போய்விட்டாள்.

நான் அழுதேன். எங்கள் அப்பா அனுப்பம்பட்டு ரயிலடியில் குடியிருந்து, கூடையில் மீன் ஏற்றிப் போய் விற்று வாங்கிக் கொடுத்த விளக்கு அது. என் வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டபடி வந்தார், விஷயத்தைக் கேட்டார், சிரித்தார்.

"அது அப்டித்தான். வேணும்னா கொட்டாயில போய் எடுத்துக்கோ. அங்க கீறது எல்லாமே நம்மளுதுதான்."

எல்லாமே நம்முடையது என்றால் என் விளக்கு யாருடையது? அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் எனக்கு. எழுபதுகளின் நடுவில் ஆரம்பித்தது; இன்னும் தீரவில்லை.

அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்கள் கூட. வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமானால் மூட்டைக்கார அக்கா. மீனவர் சங்கத்துக் கொட்டகையின் ஒரு மூலை அவளுடையது. அவளுடையது என்று சொன்னால் சண்டைக்கு வருவாள், ஆகையால் அவள் புழங்கும் மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே, கிழிந்த படகுப் பாயை வெட்டித் தைத்த மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கல்யாண மூட்டை, சாவு மூட்டை, பிரசவ மூட்டை, புயல் மூட்டை, படகு மூட்டை, வலை மூட்டை. வீட்டில் கல்யாணம் என்றால் கல்யாண மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பெரிய விளக்கு முதல் தேங்காய் துருவி வரை உள்ளேயே இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் திருப்பி வைக்க வேண்டும். வைக்கும்போது, எது இல்லாமல் நீங்கள் திண்டாடினீர்களோ அதையும் உள்ளே சேர்த்து வைக்க வேண்டும். அடுத்து எடுக்கிறவர்கள் திண்டாடக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

நான் வருவதற்கு முன்னால் ஒரு புயல் அடித்து, குப்பத்தில் பாதி வீடுகள் போய்விட்டனவாம். நிவாரணம் என்று வந்த சாமான்களை ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனதில் ஒரு வீட்டில் மூன்று பானை, அடுப்பு இல்லை. இன்னொரு வீட்டில் விளக்கு, எண்ணெய் இல்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா இப்படி ஆகிவிட்டாள் என்று சொல்வார்கள். நான் அவளிடமே கேட்டேன். "புயலாவது ஒண்ணாவது. சின்னதுலேந்து நான் இப்டித்தான். எங்கம்மா என்னைப் போட்டு அடிக்கும்," என்றாள்.

அவளால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. ஒரே சாமான் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. அதைப் பார்த்தால் அவளுக்குக் கை நமநமக்கும். அவள் வீட்டில் போய்ப் பார்த்தால் ஒரு தட்டுமுட்டு இருக்காது. அவள் வீட்டுக்காரர் படகுத் தச்சர், வாய் பேசாத மனுஷர். அவர் முகம் மழிக்கும் கத்தியே கொட்டகையில்தான் இருந்தது. காலையில் தாடியைச் சொறிந்துகொண்டு கொட்டகைப் பக்கம் அவர் நடந்து போவதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

என் முதல் பிரசவத்தின்போது அவள் அருமை எனக்குத் தெரிந்தது. வாடைக்காற்று ஏரியைப் புரட்டிக்கொண்டிருந்த நாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக ஏரியில் படகு விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவச்சி வந்து உட்கார்ந்ததும் அக்கா மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். வேகவைத்து உலர்த்திய நூல், பிரிக்காத பிளேடு, பழம்புடவைத் துணி, மருத்துவச்சிக்குக் கருப்பட்டி, எல்லாம் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. அத்தோடு ஒரு வலை மிதப்புக் கட்டை. தண்ணீரில் வலை மூழ்காமல் இருக்கக் கட்டுவது. அது எதற்குப் பிரசவ மூட்டையில்?

"யாரோ சேத்து வெச்சிருக்காங்க. அவங்களுக்கு இன்னா தோணிச்சோ. ஒண்ணே ஒண்ணுதான கீது, இருக்கட்டும்," என்றாள் அக்கா.

கவனியுங்கள். உபயோகமான கரண்டி இரண்டாக இருந்தால் பிடுங்கிக்கொண்டு போவாள். உபயோகமில்லாத கட்டை ஒன்றாக இருந்தால் பத்திரமாக வைத்திருப்பாள். வலி வந்தபோது அந்தக் கட்டையைத்தான் என் கையில் திணித்தாள். நான் அதைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. என் பெரியவன் நல்லபடியாகப் பிறந்தான். அன்றைக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

அவன் தவழ ஆரம்பிப்பதற்குள் அவள் வேலையைக் காட்டிவிட்டாள். பிரசவ மூட்டையில் நூல் இருக்கிறது, வலை மூட்டையிலும் நூல் இருக்கிறது. அது எப்படி? நூல் எல்லாவற்றையும் உருவி நூலுக்கென்று தனி மூட்டை போட்டாள். கத்தி, பிளேடு எல்லாம் தனி மூட்டை. கயிறு தனி. விளக்கு தனி. அப்புறம் இந்தத் தனி மூட்டைகளுக்கு ஆளுக்கொரு நிறம் வைத்து, எந்த மூட்டைக்கு எது வேண்டுமோ அந்த நிறத் துணியை அதன் கழுத்தில் வாலாகக் கட்டினாள். பிரசவ மூட்டையில் பச்சை வால் தொங்கினால், பச்சை மூட்டையையும் கூடவே தூக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க வீடு வீடாக வந்து விளக்கிச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினோம். ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

ஒருமுறை எங்கள் படகு ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரர் என்னைக் கொட்டகைக்கு அனுப்பினார். படகு மூட்டையைத் தூக்கினேன். அதில் நீல வால். நீல மூட்டை கயிறு. அதில் மஞ்சள் வால். மஞ்சள் மூட்டை கத்தி. அதைத் தூக்கினால் அதில் நீல வால் தொங்குகிறது! ஏன் என்று பார்த்தால், கத்திகளை அவள் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறாள், அந்தக் கயிறு நீல மூட்டையைச் சேர்ந்தது. அதை அவிழ்க்கலாம் என்றால் முடிச்சு அவிழ மாட்டேன் என்கிறது. அறுக்கலாம் என்றால் கத்தி உள்ளே. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறி, படகில் தண்ணீர் ஏறி, என் வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்தபோது நான் பல்லால் முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பேஜார் புடிச்ச வேலைக்கா இது. முன்னாடி ஒரே மூட்டையில எல்லாம் இருந்துச்சே!" என்று அவளிடம் கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. மூட்டைகளைப் பார்த்தபடி நின்றாள். "சரியாத்தான இருக்குது? எல்லாம் அதது இடத்துல கீதே," என்றாள். உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. அதைப் பார்த்தபோது, எனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் குழப்பத்தில் ஆண்களும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் ஏரியில் இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் யார் எந்த இடத்தில் கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்தவன் இடத்தில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். உயிரே போனாலும் முறை முறைதான். ஒரு தை மாதம் கல்யாண மூட்டைக்கு இரண்டு வீடுகள் அடித்துக்கொள்ள, சங்கத் தலைவர் எழுந்து, "மூட்டைக்கும் பாடு வெச்சிடலாம்," என்றுவிட்டார். ஆண்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"ஏங்க, பிரசவ வலி முறை பாத்து வருமா?" என்று அக்கா கேட்டாள். யார் காதிலும் விழவில்லை.

சீட்டுப் போட்டார்கள். கல்யாண மூட்டை, கல்யாண வயதில் யாருமே இல்லாத ஒரு கிழவர் வீட்டுக்கு விழுந்தது. அவர் அதை நடுவீட்டில் வைத்து, அதன் மேல் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டார். "எங்க பாடுப்பா. முறை முடியிற வரைக்கும் குடுக்க மாட்டேன்," என்று பெருமையாகச் சொன்னார். அக்கா சண்டை போடவில்லை. தன் பாயை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் மூட்டைக்குப் பக்கத்தில் விரித்துவிட்டாள். "மூட்டை இங்க கீது, நானும் இங்கயே இருந்துக்கிறேன்," என்றாள். அவர் வீட்டுக் கரண்டிகளை எண்ண ஆரம்பித்தாள். கிழவர் மறுநாளே மூட்டையைத் தூக்கிக் கொட்டகையில் போட்டுவிட்டார். மூட்டைப் பாடு அத்தோடு முடிந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். என் நாத்தனார் தேசம்மாவின் கல்யாணத்தில் நடந்தது அப்படி இல்லை.

தேசம்மா என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நான் வந்தபோது பாவாடை கட்டிக்கொண்டு நண்டு பிடித்துக்கொண்டிருந்தவள். எளாவூர்ப் பக்கத்து ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நல்ல இடம் அமைந்தது. பையன் சிரித்த முகம். தேசம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள். எண்பதுகள் ஆரம்பித்திருந்த நேரம். மறுநாள் விடியலில் தாலி, முதல் நாளே மாப்பிள்ளை வீட்டார் படகுகளில் வந்து இறங்கிவிட்டார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பந்தி போட்டோம். சோறும் சாம்பாரும் மணந்தன. அவர்கள் சாதிசனம் மொத்தமும் பாயில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் அத்தைக்காரி ஒருத்தி கைகழுவ எழுந்து அடுப்புப் பக்கம் வந்தாள். சோறு வடித்த அண்டாவைப் பார்த்தாள். குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தாள். அந்த அண்டாவுக்கு ஒரு காது உடைந்து, அக்கா வீட்டுக்காரர் படகு ஆணி அடித்துச் சேர்த்திருந்தார். ஊரில் வேறு எந்த அண்டாவுக்கும் அப்படி ஓர் அடையாளம் கிடையாது.

"இது அன்னிக்கு சாவு வூட்ல இருந்ததாச்சே? பெரியவரு பொணத்தக் குளிப்பாட்ட இதுலதான தண்ணி காய்ச்சுனாங்க?" என்றாள். அவள் போன மாதம் எங்கள் குப்பத்துச் சாவு ஒன்றுக்கு வந்திருந்தவள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கல்யாண மூட்டையில் ஓர் அண்டா இருந்தது. சாவு மூட்டையில் ஓர் அண்டா இருந்தது. புழக்கத்தில் ஒன்று ஓட்டையாகிப் போனபோது அக்கா இன்னொன்று வாங்கவில்லை. மிஞ்சியதைப் பெரிய விளக்கோடும் பாய்களோடும் சேர்த்துப் பொது மூட்டையாகப் போட்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெள்ளை வால் கட்டிவிட்டிருக்கிறாள். நாங்களும் வாலைப் பார்த்து மூட்டையைத் தூக்கினோமே தவிர, யாரும் இதை யோசிக்கவில்லை. சாவு வீட்டில் புழங்கியது கல்யாண வீட்டு அடுப்பில் ஏறுவது எங்கள் ஜனத்தில் நடக்காத காரியம்.

பந்தியில் சலசலப்பு பரவியது. சம்பந்தி சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. முகம் வெளிறிப்போய் என் மாமனாரிடம் சொன்னார்:

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல. ஊர்ல இதே மாதிரி இன்னொரு அண்டா கீதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. கீதுன்னா நான் உக்காந்து துன்றேன்."

"கீது கீது," என்றார் மாமனார். "ரெண்டு கீது," என்றது ஊர் மொத்தமும். தலைவர் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் சம்பந்தி, மூட்டைகளைப் பார்த்துக்கொள்கிறவள் வாயால் சொல்லட்டும் என்றுவிட்டார்.

அக்காவைக் கூட்டி வந்தார்கள். கையெல்லாம் சாம்பார் அவளுக்கு. பின்னாலிருந்து என் மாமியார் கும்பிடுகிறாள். அக்கா வீட்டுக்காரர், அந்த வாய் பேசாத மனுஷர், அன்றைக்கு வாய் திறந்து, "ரெண்டுன்னு சொல்லிடு புள்ள," என்று முணுமுணுத்தார். உள்ளே மஞ்சள் பூசிய முகத்தோடு தேசம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரே ஒரு வார்த்தை. பொய்தான். அந்தப் பொய்யைச் சொன்னால் அவள் கல்யாணம் தப்பிக்கும்.

அக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஒண்ணுதான் கீது. ரெண்டு எதுக்கு?" என்றாள்.

அத்தோடு விட்டாளா? சம்பந்தியின் முகத்தைப் பார்த்து, அவருக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, "சாம்பல் போட்டு நல்லா தேச்சி கழுவுனதுதான். அந்த வெளக்கும் சாவுக்குப் போனதுதான். நீங்க உக்காந்துனு கீற பாய் கூடத்தான்," என்றாள்.

பாயில் மிச்சமிருந்தவர்கள் நெருப்பை மிதித்தவர்கள் போலக் குதித்து எழுந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் படகேறிப் போனார்கள். பையன் கடைசிப் படகில் ஏறினான். ஏறும்போது எங்கள் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். என் மாமியார் மண்ணை வாரி அக்கா மேல் தூற்றினாள். மாமனார் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "நைனா, எழுந்திரு நைனா," என்று தேசம்மாதான் அவரைத் தூக்கினாள். எனக்கு அக்காவை அறைய வேண்டும் போல இருந்தது. என் பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்துக் கொடுத்தவள் என்பதும் கூடவே ஞாபகம் வந்து தொலைத்தது. மண் விழுந்த தலையைத் தட்டிக்கூட விடாமல், மீந்துபோன சோற்றை யார் யார் வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று அவள் என்னைக் கேட்டாள். இவள் கல்லா மனுஷியா என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கம் கூடியது. இனி மூட்டையும் வேண்டாம் வாலும் வேண்டாம், அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவானது. அக்கா மறுத்துப் பேசவில்லை. எல்லா மூட்டைகளையும் தானே அவிழ்த்துக் கொட்டகைத் தரையில் பரப்பி வைத்தாள். நாங்கள் ஆவேசமாக உள்ளே போனோம். போன பிறகு அங்கேயே நின்றோம்.

எது யாருடையது? என் குத்துவிளக்கைத் தேடினேன். கண்டுபிடித்தேன்; ஆனால் அதன் அடிப்பாகம் வேறு யாருடையதோ, திருகு மரை வேறு. தலைவர் தன் அரிவாள் என்று ஒன்றைத் தூக்கினார். இரும்பு அவருடையது, பிடி என் மாமனார் சீவிப் போட்டது. ஒருத்தி பானையை எடுத்தாள், மூடியை இன்னொருத்தி எடுத்தாள், இரண்டையும் சேர்த்துப் பார்த்து இருவரும் கீழே வைத்துவிட்டார்கள். திண்டாடிய ஒவ்வொருவரும் எதையாவது சேர்த்து, ஒட்டி, மாற்றி வைத்ததில் ஒரு சாமான் கூட ஒரு வீட்டுச் சாமானாக இல்லை. சண்டை போடவாவது யாராவது ஆரம்பிப்பார்கள் என்று பார்த்தேன். யாரோடு சண்டை போடுவது என்றே தெரியாமல் எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றோம்.

அண்டா நடுவில் இருந்தது. அதைத் தன்னுடையது என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. கொண்டுவந்தது யார் என்று தெரிந்தவர்கள் கூட வேறு பக்கம் பார்த்தார்கள்.

தேசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அது என்னுது," என்றாள்.

"அடிப் பாவி, உன் குடியக் கெடுத்த அண்டாடி அது!" என்று மாமியார் அலறினாள்.

"இருக்கட்டும்மா," என்று சொல்லி ஒரு காதைப் பிடித்தாள். ஆணி அடித்த காதை அக்கா வந்து பிடித்தாள். இருவரும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் அதில்தான் காய்ந்தது. எதற்கு இந்த வீம்பு என்று தேசம்மாவைத் தனியாகக் கேட்டேன்.

"அந்த அண்டா இன்னா அண்ணி பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

மற்ற சாமான்கள் கொட்டகையிலேயே கிடந்தன. வேறு வழி? அக்கா அவற்றைத் திரும்ப மூட்டை கட்டினாள்.

மாப்பிள்ளைப் பையன் வேறு பெண்ணே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். மழைக்காலம் தொடங்கும்போது சம்பந்தி சொல்லி அனுப்பினார்: பழசை மறந்துவிடலாம், புதுப் பாத்திரத்தில் சமைத்தால் போதும். நாங்கள் கும்பிட்டோம். தேசம்மா மட்டும், "நான் சீரா எடுத்துனு போறது இந்த அண்டாதான். அது வரலன்னா நானும் வரல," என்றுவிட்டாள். மறுபடி எல்லாம் அண்டாவில் வந்து நின்றது. மாமனார் ஆள் மேல் ஆள் அனுப்பிக் கெஞ்சியதில், சம்பந்தி கடைசியில் எரிச்சலோடு, "எடுத்துனு வரட்டும், ஆனா என் வூட்டு அடுப்புல ஏத்தக் கூடாது. மாட்டுக்குத் தண்ணி காட்டட்டும்," என்று ஒப்புக்கொண்டார். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விட்டபோது மறுப்புச் சொன்னது யார் தெரியுமா? அக்கா!

"அது எப்டி எடுத்துனு போவும்? நாளைக்கு இங்க ஒரு சாவுன்னா எதுல தண்ணி காய்ச்சறது? ஒண்ணுதான கீது!"

நான் பொறுமையை விட்டேன். "உனக்காகத்தான்க்கா அந்தப் பொண்ணு அந்த அண்டாவக் கட்டினு அழுவுது! நீ சொன்ன ஒரு வார்த்தையால அது கல்யாணம் நின்னுச்சு. இப்பவும் குறுக்கப் படுப்பியா?"

அவள் என்னைப் பார்த்தாள். தேசம்மாவிடம் போய், "கொஞ்ச நாள் பொறு," என்று மட்டும் சொன்னாள். அந்த மழைக்காலம் முழுக்க இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்குப் போனாள். சேற்றில் கால் வெடித்து நடக்க முடியாமல் கிடந்தாள், மறுபடி போனாள். தை பிறந்ததும் ஒரு நாள் தலையில் பளபளவென்று புது அண்டாவோடு வந்து இறங்கினாள். ஊரே வேடிக்கை பார்த்தது. கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்து, "இப்ப ரெண்டு கீது. பழச அது எடுத்துனு போவட்டும்," என்றாள்.

தேசம்மா கல்யாணம் நடந்தது. சம்பந்தி கேட்டபடி புதுப் பாத்திரத்தில்தான் சமையல். மறுநாள் பகலில் படகில் ஏற்றி அனுப்பினோம். படகின் முன்பக்கத்து அணியத்தில் பழைய அண்டாவைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு தேசம்மா உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டார்கள்.

படகு கொஞ்ச தூரம் போயிருக்கும். பின்னால் யாரோ ஓவென்று அழுகிற சத்தம். அக்கா. தலையில் மண் விழுந்தபோது அழாதவள், கால் வெடித்தபோது அழாதவள், முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு குழந்தை மாதிரி அழுகிறாள். மண்ணைத் தூற்றிய என் மாமியாரே ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். பெண்ணுக்காக அழுகிறாள் என்று மாமியார் நினைத்தாள். அண்டாவுக்காக அழுகிறாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கிட்டே போய் நேராகவே கேட்டேன்.

"எதுக்குக்கா அழுவுற?"

மூக்கைச் சிந்திவிட்டுப் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசு ஒண்ணு கொட்டாயில உக்காந்துனு கீதேடி. அத சாவுக்கு வெக்கிறதா, கல்யாணத்துக்கு வெக்கிறதா? எதுல வெச்சாலும் இன்னொண்ணு இல்லாம கெடக்கும். அந்தப் பொண்ணு இருந்தா கேப்பேன். எனக்குத் தெரியலடி," என்றாள்.

தெரியல என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டாவதாக ஓர் அண்டா வாங்கு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் தண்ணீரில் நின்றேன். எனக்கும் தெரியவில்லை.